அத்தாவையும் ஒரு வார்த்தை கேளுங்கள்: தலைக்காயத்துக்குப் பிறகு சிகிச்சை முடிவை எடுப்பது யார்?

(அம்பத்தூரில் நம் அறக்கட்டளை நடத்திய குடும்ப நலக் கூட்டத்தில், மூளைக் காயமுற்றவர்களுக்கு மறுவாழ்வு சிகிச்சை அளிக்கும் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நோயாளிகளின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை அவர் மாற்றிச் சொல்லியிருக்கிறார்.)



அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். மஃரிபுக்கு முன்னால் முடித்துவிடுகிறேன், இன்ஷா அல்லாஹ்.

ஹெல்மெட் பற்றிப் பேசச் சொல்லித்தான் முதலில் கேட்டார்கள். ஹெல்மெட் பற்றிச் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். ஆனால் அடிபட்டு, ஐசியுவில் கிடந்து, அல்லாஹ்வின் கிருபையால் உயிர் பிழைத்து, அதற்கு அப்புறம் நடப்பதைப் பற்றி யாரும் குடும்பத்தாரிடம் உட்கார்ந்து பேசுவதில்லை. சி.டி.எச். ரோட்டிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் விழுகிறவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்க இப்போது வழி இருக்கிறது. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குக் காசு கேட்கமாட்டார்கள். நான் வேலை செய்வது அந்த 48 மணி நேரம் முடிந்த பிறகு வரும் மாதங்களில். அந்த மாதங்களில் குடும்பத்தின் முன்னால் தாள் மேல் தாளாக வரும். தொண்டையில் போட்ட குழாயை எடுக்கலாமா, மூக்குக் குழாயை எடுத்துவிட்டு வாய்வழி கொடுக்கலாமா, இன்னொரு ஆபரேஷனா, வீட்டுக்கா, வேறு மருத்துவமனைக்கா? ஒவ்வொன்றிலும் ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்து யாருடையது என்பதுதான் இன்று என் பேச்சு.

ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். பெரியவருக்கு 58 வயது. எஸ்டேட்டில் லேத் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். பைக்கிலிருந்து விழுந்து தலையின் இடது பக்கம் அடி. மூளை வீங்கிவிட்டதால் மண்டை ஓட்டில் ஒரு துண்டை எடுத்துவிட்டுத்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். மூன்று மாதம் கழித்து எங்களிடம் வந்தபோது வலது கை, வலது கால் இரண்டும் வரவில்லை. பேச்சும் இல்லை. எதைக் கேட்டாலும் "ஆமா, ஆமா" என்ற ஒரே சொல். எடுத்த எலும்பைத் திரும்பப் பொருத்த ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று.

மூன்று மகன்கள், ஒரு மருமகன். எல்லாம் நல்ல பிள்ளைகள். வராந்தாவில் நின்று மஷ்வரா செய்தார்கள். செலவை யார் எவ்வளவு போடுவது, யார் லீவு எடுப்பது, எல்லாம் பேசி முடித்து, ஒப்புதல் படிவத்தில் மூத்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். அந்தத் தாளைப் பார்த்ததும் பெரியவர் இடது கையால் தட்டிவிட்டார். பிறகு தன் வயிற்றில் அடித்துக்கொண்டார். ஒரு முறை இல்லை, நாலைந்து முறை. "பசிக்குது போல" என்றார் ஒருவர். "பாத்ரூம் வருது போல" என்றார் இன்னொருவர். அவருடைய மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "புத்தி மாறிப்போச்சு டாக்டரம்மா. நாங்க போட்ட கையெழுத்தே போதும், நீங்க செஞ்சிடுங்க" என்றார் மகன்.

எங்கள் பேச்சுப் பயிற்சியாளர் பெண் கெட்டிக்காரி. "ஆமா"வை விட்டுவிட்டு, கட்டைவிரலை மேலே தூக்கினால் ஆமாம், கீழே காட்டினால் இல்லை என்று பழக்கினார். பிறகு சோதித்தார். இது பேனாவா? உங்க பேர் இப்ராஹீமா? (அவர் பெயர் அது இல்லை.) இது உங்க வீடா? பத்துக் கேள்வியில் ஒன்பதுக்கு விரல் சரியாகச் சொன்னது. வாய் "ஆமா" என்றது, விரல் "இல்லை" என்றது. விரல் சொன்னதே உண்மை. மூளையின் இடது பக்கம் அடிபட்டால் பேச்சு போய்விடும், பல பேருக்குப் புரிதல் பெருமளவு அப்படியே இருக்கும். அஃபேசியா என்று நாங்கள் சொல்வோம்.

அதற்குப் பிறகு நான் கேட்டேன். "வயித்துல என்ன இருக்குன்னு யாராவது உங்களுக்குச் சொன்னாங்களா?" விரல் கீழே போனது.

விஷயம் இதுதான். எடுத்த மண்டை எலும்பு கெடாமல் இருக்க, அதை நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்துவிடுவது பல மருத்துவமனைகளில் வழக்கம். அது நடந்தபோது அவருக்கு நினைவில்லை. நினைவு வந்த பிறகு யாரும் சொல்லவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. மூன்று மாதமாக ராத்திரியில் அந்தக் கல் மாதிரி இருக்கிற மேட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறார். "கட்டின்னு நெனச்சீங்களா?" விரல் மேலே போனது. "அதை உங்ககிட்ட மறைக்கிறாங்கன்னு நெனச்சீங்களா?" விரல் மேலேதான். கண்ணில் தண்ணீர்.

ஒரு தாளில் தலையை வரைந்தோம். வயிற்றை வரைந்தோம். வயிற்றிலிருந்து தலைக்கு ஒரு அம்புக்குறி. இதனால் என்ன நன்மை, தொற்று வரலாம், வலிப்பு வரலாம், செய்யாமல் விட்டால் எப்படி இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். அவர் இடது கையை வயிற்றில் வைத்தார், பிறகு தலையில் வைத்தார். அடுத்த நாள் காலை அதே படங்களை வரிசை மாற்றிக் காட்டிக் கேட்டோம். அதே பதில். இடது கையால் கோணலாக ஒரு கோடு போட்டார், அதுதான் கையெழுத்து. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். மூத்த மகன் என்னிடம், "அத்தாவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் டாக்டரம்மா" என்றார்.

நாங்கள் அந்த இரண்டு நாளில் செய்ததற்கு ஒரு பெயர் உண்டு. சிகிச்சை குறித்து முடிவெடுக்கும் திறனை மதிப்பிடுதல். ஏதோ பெரிய இயந்திரமோ ஸ்கேனோ வைத்துச் செய்வது இல்லை. 1988-ல் அமெரிக்காவில் பால் அப்பல்பாம் என்ற மனநல மருத்துவரும் தாமஸ் கிரிஸ்ஸோ என்ற உளவியலாளரும் நாலு கேள்வியாக அதைப் பிரித்து எழுதினார்கள். உலகம் முழுக்க மருத்துவர்கள் இன்றைக்கும் ஏறக்குறைய அதையே பின்பற்றுகிறார்கள். சொன்னது புரிகிறதா? அது தனக்கு நடக்கப்போகிறது என்று உணர்கிறாரா? இதைச் செய்தால் இப்படி, செய்யாவிட்டால் அப்படி என்று எடைபோட்டுப் பார்க்க முடிகிறதா? தன் முடிவை ஏதோ ஒரு வழியில் தெரியப்படுத்தி, அதிலேயே நிற்கிறாரா?

பெரியவரிடம் முதலில் எல்லோரும் பார்த்தது நாலாவது கேள்வியை மட்டும்தான். வாயால் சொல்ல முடியவில்லை, அதனால் ஒன்றுமே முடியாது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இதில் முக்கியமாக நீங்கள் மனதில் வைக்க வேண்டியது ஒன்று. 'இவருக்குத் திறன் இருக்கிறதா' என்ற கேள்வியே அரைகுறைக் கேள்வி. எந்த முடிவுக்கு, எந்த நாளில் என்று சேர்த்துக் கேட்கவேண்டும். மூக்குக் குழாயை எடுக்கலாமா என்று சொல்லத் தெரிந்தவருக்கு, தலையில் இன்னொரு ஆபரேஷனின் ஆபத்தை எடைபோட முடியாமல் இருக்கலாம். போன மாதம் முடியாதவருக்கு இந்த மாதம் முடியலாம். நம் மார்க்கத்திலும் இது புதிதில்லை. பொறுப்புக்கு அறிவு நிபந்தனை. தூங்குகிறவர் மேல் பொறுப்பில்லை, ஆனால் விழித்ததும் பொறுப்பு அவரிடம் திரும்பிவிடுகிறது. ஒரு முறை கேட்டுவிட்டு ஃபைலில் 'முடியாது' என்று எழுதினால் அது ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் எங்கள் மருத்துவமனைகளில் நான் பார்க்கிற குறை.

தலையில் பலத்த அடிபட்டு நினைவு திரும்பியவர்கள் பலர், சில நாளோ சில வாரமோ ஒரு மயக்க நிலையில் இருப்பார்கள். கண் திறந்திருக்கும், பேசுவார்கள், சலாமுக்குப் பதில் சொல்வார்கள். ஆனால் புதிதாக எதுவும் மனதில் பதியாது. காலையில் யார் வந்தார்கள் என்று மத்தியானம் கேட்டால் தெரியாது. சில பேர் தெரியாத இடத்தைத் தாமே நிரப்பிவிடுவார்கள். "நேத்து ஊருக்குப் போயிட்டு வந்தேன்" என்பார்கள், கட்டிலை விட்டு எழுந்தே இருக்கமாட்டார்கள். பொய் சொல்கிறார் என்று திட்டாதீர்கள். விட்டுப்போன இடத்தை மூளை தானாக இட்டுக்கட்டி நிரப்புகிறது, அது அவருக்கே தெரியாது. அந்த நிலை தெளிந்துவிட்டதா என்று பார்க்க 1979-ல் வெளிவந்த, கால்வெஸ்டன் என்ற ஊரின் பெயர் கொண்ட ஒரு பரிசோதனை இருக்கிறது. நூறு மதிப்பெண்ணில் 75-ஆவது தொடர்ந்து சில நாள் வரவேண்டும். அந்த நிலை தெளியும் முன் பெரிய முடிவு எதையும் அவரிடம் கேட்பதும் நியாயமில்லை, அவர் சொன்னார் என்று நாம் சொல்வதும் நியாயமில்லை. காத்திருக்கக்கூடிய முடிவாக இருந்தால் காத்திருங்கள். ஆபத்தான நேரத்தில் யாரும் காத்திருக்கச் சொல்லப்போவதில்லை, மருத்துவர் உயிரைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்.

மதிப்பெண் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். முப்பது மதிப்பெண்ணுக்கு ஒரு ஞாபகசக்திப் பரிசோதனை உண்டு. இன்று என்ன தேதி, மூன்று பொருளின் பெயரைத் திரும்பச் சொல், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி. நம் மளிகைக்கடை பாய் கண்ணை மூடிக்கொண்டு கழித்துவிடுவார். பள்ளிக்கூடம் போகாத நம் பாட்டி தொண்ணூற்று மூன்றிலேயே நின்றுவிடுவார். அதற்காகக் காலை எடுக்கும் ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று பாட்டிக்குச் சொல்லத் தெரியாதா? மதிப்பெண்ணை மட்டும் காட்டி 'இவருக்குப் புரியாது' என்று ஒரு மருத்துவர் சொன்னால், எந்த முடிவைப் பற்றிக் கேட்டுப் பார்த்தீர்கள் என்று பணிவாகக் கேளுங்கள்.

இதுவரை கேட்டதை வைத்து, டாக்டரம்மா நோயாளி சொல்வதே சரி என்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். இனி சொல்வது நான் தப்புச் செய்த கதை.

பூந்தமல்லிப் பக்கம் ஒரு பையன், 24 வயது. நெற்றிப் பக்கம் பலத்த அடி. இரண்டு மாதத்தில் நன்றாக நடந்தான், அழகாகப் பேசினான். வார்டில் எல்லோருக்கும் செல்லப்பிள்ளை. வீட்டுக்குப் போகவேண்டும் என்று பிடிவாதம். அவன் அம்மா மட்டும், "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும், இவன் பழைய பிள்ளையா இல்ல" என்றார். நான் அவனை உட்காரவைத்து இருபது நிமிடம் கேட்டேன். வலிப்பு மாத்திரை ஏன் சாப்பிடவேண்டும்? "நிறுத்தினா ஃபிட்ஸ் வரும் டாக்டர்." வண்டி ஓட்டலாமா? "இப்போதைக்கு ஓட்டக்கூடாது டாக்டர்." நாலு கேள்விக்கும் நூற்றுக்கு நூறு. எல்லாம் புரிகிறது, சொந்த முடிவு எடுக்கலாம் என்று எழுதிக்கொடுத்தேன். போன இரண்டாவது வாரம் மாத்திரையை நிறுத்தியிருக்கிறான். நண்பன் வண்டியை வாங்கி ஆவடி வரைக்கும் போய் வந்திருக்கிறான். மூன்றாவது வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வலிப்பு. மறுபடி ஐசியு. பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்த அம்மாவின் முகத்தை இன்னும் என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

எங்கே தவறு? மூளையின் முன்பக்கம் அடிபட்டவர்களில் சிலருக்கு வாய் ஒரு பக்கம், நடப்பு ஒரு பக்கம். கேட்டால் சரியான பதில் தெரியும். அந்த நேரம் வரும்போது அந்தப் பதில் கைக்கு வராது. தனக்குக் குறை இருக்கிறது என்பதே அவர்களுக்கு மனதில் ஏறாது. மருத்துவ நூல்களில் இதற்கு 'முன்மூளை முரண்' என்று பொருள்படும் ஒரு பெயரே இருக்கிறது. அமைதியான அறையில், ஒரு டாக்டர் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டால் அவர்கள் தேறிவிடுவார்கள். ஆகையால் அறையில் பேசியது மட்டும் போதாது. வார்டில் மாத்திரையை நேரத்துக்குத் தானே எடுத்துக்கொள்கிறாரா, அடுப்பைப் பற்றவைத்தால் அணைக்கிறாரா, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டோடு கடைக்குப் போனால் மீதிச் சில்லறை வாங்குகிறாரா என்று கண்ணால் பார்க்கவேண்டும். அதைவிட முக்கியம், வீட்டார் சொல்வதைக் கேட்கவேண்டும். அந்த அம்மா சொன்ன "பழைய பிள்ளையா இல்ல" என்பது என் இருபது நிமிடத்தைவிடப் பெரிய பரிசோதனை. நான் அதைத் தாயின் பயம் என்று தள்ளிவிட்டேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. வீட்டார் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, தேதி போட்டு, அவர் என்ன சொன்னார், என்ன செய்தார் என்று இரண்டு வரி எழுதினால், எந்த ஸ்கேனும் தராத தகவல் எனக்குக் கிடைக்கிறது.

ஒரு விஷயத்தைக் கவனமாகப் பிரித்துச் சொல்கிறேன். ஒருவர் எடுக்கும் முடிவு நமக்குப் பிடிக்கவில்லை என்பதாலேயே அவருக்குத் திறன் இல்லை என்று ஆகாது. 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் அதன் நாலாவது பிரிவில் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. அந்தச் சட்டம் மனநல சிகிச்சைக்கானது, எல்லாத் தலைக்காயத்துக்கும் நேராகப் பொருந்தாது. ஆனாலும் அது கேட்கும் கேள்விகள் நல்ல கேள்விகள். அவருக்குப் புரியும் மொழியில், எளிய சொல்லில், படமோ சைகையோ வைத்து விளக்க வேண்டும் என்கிறது. பேச்சாலோ முகபாவத்தாலோ சைகையாலோ அவர் பதில் சொன்னாலும் செல்லும் என்கிறது. நம் லேத் பட்டறைப் பெரியவரின் கட்டைவிரல் அதற்குள் வந்துவிடுகிறது.

சட்டம் என்றதும் எல்லோரும் கேட்பது, "நாங்க சொந்தக்காரங்க, எங்க கையெழுத்து செல்லாதா?" என்பதைத்தான். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர், பரிசோதனைக்காக மட்டும் மயக்க மருந்துக்குச் சம்மதித்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது உதவி மருத்துவர் வெளியே வந்து, அந்தப் பெண்ணின் தாயிடம் சம்மதம் வாங்க, கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். பெற்ற தாயே ஆனாலும், வயது வந்த, அறிவுத் தெளிவுள்ள மகள் கொஞ்ச நேரத்தில் விழித்துவிடுவார் என்கிறபோது, உயிருக்கு உடனடி ஆபத்தில்லாத நிலையில், தாயின் சம்மதம் மகளின் சம்மதம் ஆகாது என்றது நீதிமன்றம். ஒரு பெரியவருக்குத் திறன் இருக்கும்வரை அவருக்குப் பதிலாக நாம் போடும் கையெழுத்து வெறும் மைதான்.

சரி, உண்மையிலேயே திறன் இல்லை என்றால்? பொதுவான மருத்துவ சிகிச்சையில் முதலில் மனைவி, பிறகு மகன் என்று வரிசை போட்ட ஒரு பொதுச் சட்டம் நம் நாட்டில் இல்லை. மருத்துவர்கள் நெருங்கிய உறவினரிடம் பேசித்தான் செய்கிறார்கள். அங்கே கேட்கவேண்டிய கேள்வி 'நமக்கு எது வசதி' என்பதோ 'நமக்கு எது பிரியம்' என்பதோ இல்லை. அவர் இப்போது பேச முடிந்தால் என்ன சொல்வார் என்பதுதான். அது மூத்த மகனுக்குத் தெரிந்ததைவிட, முப்பது வருஷம் சோறு போட்ட மனைவிக்கு நன்றாகத் தெரியும். மஷ்வராவில் பெண்களைக் கூப்பிடாமல் வராந்தாவில் முடித்துவிடுகிறோமே, அதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

பணம், வீடு என்று வரும்போது உறவு மட்டும் போதாது, நீதிமன்றம் வேண்டும். 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. கோமாவில் கிடந்த சென்னைக்காரர் ஒருவரின் மனைவி, சிகிச்சைக்கும் குடும்பத்துக்கும் கணவரின் சொத்தை விற்க அனுமதி கேட்டார். தனி நீதிபதி சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார். மேல்முறையீட்டில் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், பி.பி.பாலாஜி அமர்வு அந்த மனைவியையே பாதுகாவலராக நியமித்தது. விற்கவோ அடகு வைக்கவோ அனுமதித்தது. 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடவும், அவர் உயிரோடு இருக்கும்வரை அதை எடுக்காமல் வட்டியை மட்டும் வாங்கிக்கொள்ளவும் சொன்னது. அவரைப் பார்த்துக்கொள்ளும் சுமையைத் தூக்கும் குடும்பத்துக்கு வழி கொடுத்துவிட்டு, படுத்திருப்பவரின் பங்கையும் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அது முற்றிலும் நினைவில்லாதவரின் வழக்கு. எழுந்து உட்கார்ந்து, விரலைக் காட்டிப் பதில் சொல்லும் ஒருவருக்கு அதே தீர்ப்பைக் கொண்டுபோய்ப் பாதுகாவலர் ஆகப் பார்க்காதீர்கள். அவருக்கு 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவு வேறு வழி காட்டுகிறது. வரம்புக்குட்பட்ட பாதுகாவலர். குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட முடிவுக்கு மட்டும், அதுவும் அவரையும் கலந்துகொண்டு, அவர் விருப்பப்படி. 1872-ல் வெள்ளைக்காரன் போட்ட ஒப்பந்தச் சட்டத்திலேயே, புத்தி தடுமாறியவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் ஒப்பந்தம் செய்யலாம் என்று இருக்கிறது.

சொல்லக் கூசுகிற ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. மயக்கத்தில் கிடப்பவரின் பெருவிரலைப் பிடித்து மையில் உருட்டி ஒரு பத்திரத்தில் வைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கே, யார் என்று சொல்லமாட்டேன். நர்ஸ் அந்த விரலைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். பிற்பாடு அவர் தெளிந்து வந்து, நீலம் பாரித்த தன் விரலைப் பற்றி யாரிடம் கேட்பார்?

தலாக், நிக்காஹ், வஸிய்யத் பற்றியும் என்னிடம் கேட்கிறார்கள். அடிபட்ட பிறகு கோபத்தில் அவர் சொன்ன சொல் செல்லுமா என்று கண்ணீரோடு கேட்ட சகோதரிகள் இருக்கிறார்கள். அதற்கு ஆலிம்களிடமும் வழக்கறிஞரிடமும் போகவேண்டும். அன்றைய தேதியில் அவருடைய மூளை எந்த நிலையில் இருந்தது என்று ஒரு குறிப்பு மட்டும் நான் தர முடியும். அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கி எடுத்துப் போங்கள்.

இப்போது வீட்டார் செய்யக்கூடியது. காலை பத்து மணிக்குக் கேளுங்கள். மூளைக் காயமுற்றவர்கள் சீக்கிரம் களைத்துப்போவார்கள். பிசியோதெரபி முடிந்து வந்ததும் படிவத்தை நீட்டினால் தெளிவான பதில் வராது. கண்ணாடி, காதுக் கருவி, பல்செட் மூன்றும் எங்கே என்று பாருங்கள். பாதி நேரம் அது வீட்டு அலமாரியில் இருக்கும், இங்கே டாக்டர் "புரியவில்லை" என்று எழுதிக்கொண்டிருப்பார். நம்மில் பல குடும்பங்களில் வீட்டில் உருது, வெளியில் தமிழ். அடிபட்ட பிறகு ஒரு மொழி முன்னாலும் ஒரு மொழி பின்னாலும் திரும்பி வரலாம். எந்த மொழியில் அவருக்கு எளிதோ அதில் கேட்கச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பவர் அவர் சொன்னதை மட்டும் சொல்லட்டும், தன் அபிப்பிராயத்தைக் கலக்கவேண்டாம். தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை அளவு கூடினாலும் மந்தமாக இருப்பார்கள், சிறுநீரில் தொற்று வந்தாலும் குழம்புவார்கள். அது சரியான பிறகு இன்னொரு முறை கேட்கவேண்டும்.

நோயாளி பெண்ணாக இருந்தால் தனியாக ஒரு வார்த்தை. நான் அந்தச் சகோதரியைக் கேள்வி கேட்பேன், கணவர் பதில் சொல்வார். "அவளுக்கு எல்லாம் சம்மதம்தான்." ஒரு முறை அப்படித்தான் நடந்தது. கணவரை டீ குடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டு, ஒரு நர்ஸை மட்டும் வைத்துக்கொண்டு கேட்டேன். அந்தச் சகோதரிக்கு மெதுவாகத்தான் பேச்சு வரும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு நிமிடம் ஆகும். அந்த நிமிடத்தை அவருக்கு யாரும் கொடுத்ததில்லை, அவ்வளவுதான். தொண்டைக் குழாயை எடுக்கப் பயம், இரவில் மூச்சு நின்றுவிடுமோ என்று பயம். இரண்டு இரவு மூடிவைத்துப் பார்த்துவிட்டு எடுக்கலாம் என்றேன். தலையை ஆட்டினார். வெளியே கணவர் எனக்காகவும் ஒரு டீ வாங்கிவைத்திருந்தார், ஆறிப்போயிருந்தது.

மருத்துவரிடம் நீங்கள் கேட்டு வாங்கவேண்டியது ஒரு தாள். அதில் தேதி, என்ன முடிவைப் பற்றிக் கேட்டார்கள், எந்த மொழியில், அவர் எப்படிப் பதில் சொன்னார், மறுபடி எப்போது பார்ப்பார்கள் என்று இருக்கவேண்டும். 'புத்தி சரியில்லை' என்று ஒற்றை வரி போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள், விவரமாகக் கேளுங்கள். கே.கே.நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்துக்கு இங்கிருந்து போய் வரலாம். எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள் ஈ.எஸ்.ஐ. அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள். நீதிமன்றம் என்று வந்தால் வக்கீல் ஃபீஸுக்குப் பயப்படவேண்டாம். இலவச சட்ட உதவி பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் கிடைக்கும், போன் எண் 15100.

பாங்கு சொல்ல இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. ஃபைல், ஸ்கேன் எல்லாம் பையில் எடுத்து வந்திருக்கிறவர்கள் வலது பக்கம் உள்ள அறைக்கு வாருங்கள், தொழுகைக்குப் பிறகும் இருக்கிறேன். பின் வரிசையில் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் இருக்கிறாரே, அவரைத் தள்ளிக்கொண்டு வந்த தம்பி, நீங்கள் முதலில் வாங்க. அவரையும் கூட்டிக்கொண்டு வாங்க, வெளியே நிறுத்திவிட்டு வராதீங்க.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.